எந்த ஷெல்லைத் தேர்ந்தெடுப்பது?

முன்னுரை



கடலைக்காயை உடைக்காமல் பருப்பைத் தின்றவர் எவருமில்லை. செம்மண் பூமியிலும் கரிசல் ஓரத்திலும் கடலை பிடுங்கிப் பழகிய நமக்கு இதை ஒருவர் சொல்லித் தரவேண்டியதில்லை. ஆனால் கணினிக்குள்ளும் ஓர் ஓடும் ஒரு பருப்பும் உண்டு என்று எங்கள் கணினி ஆசிரியையான சிஸ்டர் சொன்னபோது நாங்கள் சிரித்தோம். வருட முடிவில் அந்தச் சிரிப்பு போய், அதைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதும் அளவுக்கு வந்திருக்கிறோம்.

லினக்ஸ் போன்ற யுனிக்ஸ் வகை இயங்குதளங்களில் புதிதாகக் கட்டளை எழுதிப் பழகும் மாணவி, எந்த ஷெல்லில் தொடங்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள். இவ்வாண்டு எங்கள் மன்றத்தில் நேர்ந்த ஓர் இழப்புதான் இக்கேள்வியை எங்கள் முன் கொண்டுவந்து நிறுத்தியது. அதையும் மறைக்காமல் எழுதுகிறோம். பின்னால் வரும் தங்கையர் எங்களைவிடக் கவனமாக நடக்க அது உதவட்டும்.

ஓடும் பருப்பும்

கணினியின் நினைவகம், வட்டு, திரை, விசைப்பலகை ஆகிய அனைத்தையும் ஆளுகின்ற நிரலுக்குக் கெர்னல் என்று பெயர். ஆங்கிலத்தில் இச்சொல் கொட்டைக்குள் இருக்கும் பருப்பைக் குறிக்கும். அதைச் சூழ்ந்து நின்று, நாம் சொல்வதைக் கேட்டு உள்ளே சொல்லி அனுப்பும் நிரலுக்கு ஷெல், அதாவது ஓடு, என்று பெயர். 1960களின் நடுவில் லூயி பூசான் என்னும் பிரெஞ்சுப் பொறியியலாளர் இப்பெயரை வைத்தார்.

பலர் ஷெல்லையும் டெர்மினலையும் ஒன்றென்று எண்ணுகிறார்கள். நாங்களும் அப்படித்தான் எண்ணினோம். டெர்மினல் என்பது எழுத்து தோன்றும் கறுப்புச் சாளரம் மட்டுமே. அதற்குள் அமர்ந்து நம் வரியைப் படித்துப் பொருள் கொள்வது ஷெல். தபால் அலுவலகத்தில் கம்பிச் சன்னல் ஒன்று, அதன் பின்னால் அமர்ந்திருப்பவர் வேறொருவர் அல்லவா? அதைப் போலத்தான். சன்னலை மாற்றாமல் ஆளை மாற்றலாம். ஆளை மாற்றாமல் சன்னலையும் மாற்றலாம்.

நாம் ஒரு வரியை எழுதி என்டர் விசையை அழுத்தியதும் ஷெல் என்ன செய்கிறது? முதலில் அவ்வரியை இடைவெளி கண்ட இடங்களிலெல்லாம் சொல் சொல்லாகப் பிரிக்கிறது. அடுத்து நட்சத்திரக் குறி போன்ற சிறப்புக் குறிகள் இருந்தால் அவற்றை விரித்து, பொருந்தும் கோப்புகளின் பெயர்களை அவ்விடத்தில் வைக்கிறது. பிறகு முதற்சொல் எந்த நிரலின் பெயர் என்று தேடிக் கண்டுபிடித்து, அந்நிரலை ஓட்டும்படி கெர்னலைக் கேட்கிறது. வேலை முடியும்வரை காத்திருந்து, அடுத்த வரிக்கு நம்மை அழைக்கிறது. இந்த வரிசையைத் தங்கையர் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். குறிப்பாக இரண்டாம் படியை மறக்கக் கூடாது. நட்சத்திரக் குறியை விரிப்பது ஷெல்லே தவிர, பின்னால் ஓடும் நிரல் அன்று. எங்கள் இழப்பு இங்கேதான் நேர்ந்தது.

அக்காமாரின் மடிக்கணினி

இதெல்லாம் நகரத்துப் பிள்ளைகளுக்கு உரியது, அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் எதற்கு என்று ஒரு தந்தை எங்களைக் கேட்டார். அவர் வீட்டிலேயே ஒரு ஷெல் பல ஆண்டுகளாகத் தூங்கிக்கொண்டிருந்தது என்பதை அவர் அறியவில்லை.

2011ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் தமிழ்நாடு அரசு, அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் படித்த மேல்நிலை மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. அப்படி வழங்கப்பட்ட கணினிகளில் விண்டோஸுடன் போஸ் லினக்ஸ் என்னும் இன்னோர் இயங்குதளமும் சேர்த்தே இருந்தது. பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கமே போஸ். இதைச் சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனத்தார் டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கினர். 2007இல் முதற்பதிப்பு வந்தது. தமிழ் உட்பட இந்திய மொழிகள் பலவற்றில் அதை இயக்கலாம்.

எங்கள் அக்காமாரில் பலர் அந்தக் கணினியைத் திறக்கும்போது தோன்றும் இரு பெயர்களில் விண்டோஸையே தேர்ந்தார்கள். மற்றொன்று ஏன் இருக்கிறது என்று கேட்கவில்லை. இப்பொழுது அக்கணினிகளுக்கு வயதாகிவிட்டது. விண்டோஸ் மெதுவாக நகர்கிறது, மின்கலம் நிற்பதில்லை. ஆனால் லினக்ஸின் கட்டளை வரி அதே பழைய கணினியில் தடையின்றி ஓடுகிறது. எங்கள் மன்றத்தில் அக்காவின் கணினியோடு வந்தவர்கள் நால்வர்.

பாடநூலிலும் இதற்கு இடமுண்டு. 2018ஆம் ஆண்டு வெளிவந்த பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் நூலில் விண்டோஸுக்கு அடுத்து உபுண்டு லினக்ஸ் பற்றிய பாடம் வைக்கப்பட்டது. அப்பாடம் பெரும்பாலும் சுட்டியைக் கொண்டு செய்யும் வேலைகளைச் சொல்கிறது. கட்டளை வரியை நாமே முயன்று கற்க வேண்டியிருக்கிறது.

நேர்ந்த இழப்பு

எங்களுள் ஒருத்தி திருச்சுழிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பேருந்தில் வருபவள். கிணற்றுப் பாசனத்தில் அவள் வீட்டார் மல்லிகை போட்டிருக்கிறார்கள். அருப்புக்கோட்டை என்னும் பெயரே மல்லிகை அரும்பினால் வந்தது என்று ஊரார் சொல்வதுண்டு. அந்த அரும்பு பறிக்க விடியுமுன் எழ வேண்டும் என்பதைப் பெயர் சொல்லாது. பறித்த பூவை மண்டிக்கு அனுப்பினால் அன்றைய எடையும் விலையும் எழுதிய சீட்டு வரும். மண்டியில் வாங்கிய முன்பணம் நாள்தோறும் அதில் கழியும். எவ்வளவு கழிந்தது, இன்னும் எவ்வளவு நிற்கிறது என்பது அக்குடும்பத்துக்குப் பெரிய கேள்வி. அடுத்த ஆண்டு அவள் கல்லூரிக்குப் போவதும் அந்தக் கேள்வியின் விடையில் அடங்கியிருந்தது.

அவள் தன் அம்மாவுக்காக மாசி முதல் ஆனி வரை ஒவ்வொரு நாளின் எடையையும் விலையையும் கழிவையும் கணினியில் ஏற்றினாள். மாதத்துக்கு ஒரு கோப்பு. அம்மாவுக்கு அதைக் காட்டியபோது, “நோட்டைவிட இது சுத்தமா இருக்கே தாயி” என்று மகிழ்ந்தாராம்.

அதே கோப்புறையில் அவள் வகுப்புக்காகச் செய்த பயிற்சிக் கோப்புகளும் கிடந்தன. அவற்றின் பெயர்கள் எல்லாம் ‘புள்ளி டி எம் பி’ என்று முடியும். அவற்றை மட்டும் அழிக்க எண்ணி, ‘ஆர் எம்’ என்னும் கட்டளையை எழுதி, இடைவெளி விட்டு, நட்சத்திரக் குறியும் அதை ஒட்டிப் ‘புள்ளி டி எம் பி’யும் எழுத வேண்டியவள், நட்சத்திரத்துக்கும் புள்ளிக்கும் நடுவே தவறுதலாக இன்னோர் இடைவெளி விட்டுவிட்டாள். ஷெல் தன் முறைப்படி நடந்தது. தனித்து நின்ற நட்சத்திரத்தை ‘இங்குள்ள கோப்புகள் எல்லாம்’ என்று விரித்தது. ‘ஆர் எம்’ அனைத்தையும் அழித்தது. பிறகு, ‘புள்ளி டி எம் பி என்று ஒரு கோப்பு இல்லை’ என்று ஒரு வரி மட்டும் திரையில் வந்தது. அதைக் கண்டு, கட்டளை ஒன்றும் செய்யவில்லை போலும் என்று அவள் நினைத்தாள். அடுத்து ‘எல் எஸ்’ எழுதிப் பார்த்தபோதுதான் கோப்புறை வெறுமையாய் இருப்பது தெரிந்தது. ‘ஆர் எம்’ குப்பைத் தொட்டியில் போடுவதில்லை. அது அழித்தால் அழித்ததுதான்.

அன்று ஆய்வகத்தில் யாரும் பேசவில்லை. சிஸ்டர் அவள் தோளில் கை வைத்து, “அழாதே. சீட்டு இருக்கா வீட்டில?” என்று மட்டும் கேட்டார். “அம்மா கம்பியில குத்தி வெச்சிருப்பாங்க சிஸ்டர்” என்றாள் அவள்.

மறுநாள் பழைய சீட்டுக் கம்பியை அப்படியே துணியில் சுற்றி எடுத்து வந்தாள். ஐந்து பேர் மூன்று மாலை அமர்ந்து படிக்க, அவள் மீண்டும் ஏற்றினாள். ஒன்பது நாட்களின் சீட்டுகள் மட்டும் கிடைக்கவில்லை. அந்த ஒன்பது நாட்களுக்கு மண்டி சொன்ன கணக்கை அம்மா ஏற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. அது சரியான கணக்காகவே இருக்கலாம். ஆனால் சரிபார்க்க நம் கையில் ஒன்றும் இல்லாமற் போயிற்று. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். அளந்ததை எழுதி வைத்த ஏட்டையே நாங்கள் ஆற்றில் போட்டுவிட்டோம்.

வகுப்பில் எழுந்த கேள்வி

இந்நிகழ்ச்சிக்குப் பின் எங்களுள் ஒருத்தி வேறொரு செய்தி கொண்டு வந்தாள். “சிஸ்டர், இசட் ஷெல் என்று ஒன்று இருக்கிறது. அதில் ஆர் எம் கட்டளைக்குத் தனி நட்சத்திரம் கொடுத்தால், இத்தனை கோப்புகளையும் அழிக்கத்தான் வேண்டுமா என்று அதுவே கேட்குமாம். நாம் அதற்கு மாறிவிட்டால் என்ன?”

முயன்று பார்த்தோம். உண்மைதான். இசட் ஷெல் நின்று கேட்டது. வெறும் சோதனைக் கோப்புகளை வைத்து அதே தவறைச் செய்தபோது எங்கள் பாஷ் ஷெல் கேட்கவில்லை; இசட் ஷெல் கேட்டது. வகுப்பில் பாதிப் பேர் அன்றே மாற வேண்டும் என்றார்கள். சிஸ்டர் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. “இருக்கிற ஷெல் எல்லாவற்றையும் தெரிந்துகொண்டு வாருங்கள். பிறகு முடிவு செய்வோம்” என்றார். அப்படித் தெரிந்துகொண்டதைக் கீழே தருகிறோம்.

ஷெல்களின் குடும்பம்

1971இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன் யுனிக்ஸுக்கான முதல் ஷெல்லை எழுதினார். மிக எளிய ஷெல் அது. 1973இல் டக் மக்கில்ராய் என்பாரின் எண்ணப்படி குழாய் என்னும் வசதி யுனிக்ஸில் சேர்ந்தது. ஒரு நிரலின் விடையை அப்படியே அடுத்த நிரலுக்கு ஊட்டுவதே குழாய். நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது எளிதில் விளங்கும். ஒருவர் சாயம் போட, ஒருவர் பாவு ஓட, ஒருவர் தார் சுற்ற, ஒருவர் தறியில் அமர்கிறார். ஒவ்வொருவரும் ஒரு வேலையை மட்டும் செவ்வனே செய்ய, கடைசியில் சேலை வருகிறது.

1979இல் வெளிவந்த யுனிக்ஸ் ஏழாம் பதிப்பில் ஸ்டீபன் போர்ன் எழுதிய ஷெல் இடம்பெற்றது. கட்டளைகளை ஒரு கோப்பில் எழுதி வைத்து நிரல் போல் ஓட்டுவதற்கு அதுவே நல்ல வழி காட்டியது. அதே காலத்தில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பில் ஜாய் சி ஷெல்லை எழுதினார். முன்பு எழுதிய வரிகளைத் திரும்ப அழைக்கும் வசதி அதில் இருந்தது. இரண்டின் நன்மைகளையும் இணைத்து டேவிட் கார்ன் 1983இல் கார்ன் ஷெல்லை அறிமுகப்படுத்தினார். பின்னர் 1992இல் வெளியான போசிக்ஸ் தரம், ஷெல் என்றால் இவ்வளவேனும் செய்ய வேண்டும் என்று வரையறுத்தது. அது போர்ன் வழியையே பின்பற்றியது.

இன்று ஒரு மாணவி சந்திக்கக் கூடியவை நான்கு.

முதலாவது பாஷ். குனு திட்டத்துக்காகப் பிரையன் ஃபாக்ஸ் எழுதி 1989இல் வெளியிட்டது. பல ஆண்டுகளாகச் செட் ரேமி அதைப் பேணி வருகிறார். போர்ன் என்னும் பெயரும் ‘பிறந்த’ என்னும் ஆங்கிலச் சொல்லும் ஓசையில் ஒன்றாதலால், ‘மறுபடியும் பிறந்த ஷெல்’ என்று சிலேடையாகப் பெயர் வைத்தார்கள். டெபியனிலும் உபுண்டுவிலும் புதிதாகக் கணக்குத் தொடங்குகிறவர்க்குக் கிடைப்பது இதுவே. ஆகவே போஸ் லினக்ஸிலும் இதுதான். பயிற்சி நூல்களில் பெரும்பாலானவை பாஷை மனத்தில் வைத்தே எழுதப்பட்டவை.

இரண்டாவது டேஷ். கென்னத் ஆல்ம்குவிஸ்ட் எழுதிய ஷெல்லின் வழிவந்தது. சிறியது, வேகமானது. இதில் அமர்ந்து தட்டச்சு செய்வது வசதியன்று. எழுதி வைத்த கட்டளைக் கோப்புகளை விரைவாக ஓட்டவே இது. 2006 முதல் உபுண்டுவிலும் 2011 முதல் டெபியனிலும் ‘எஸ் ஹெச்’ என்னும் பெயரில் பின்னால் இருந்து உழைப்பது இதுதான்.

மூன்றாவது இசட் ஷெல். பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவராயிருந்த பால் ஃபால்ஸ்டாட் 1990இல் எழுதியது. பாஷுக்கு மிக நெருங்கிய உறவு. வசதிகள் ஏராளம், அவற்றை அமைத்துக்கொள்ளப் பொறுமையும் வேண்டும். 2019இல் ஆப்பிள் நிறுவனம் தன் மேக் கணினிகளில் பாஷை விடுத்து இதை முதல் ஷெல்லாக வைத்தது.

நான்காவது ஃபிஷ். ஆக்செல் லில்யென்கிராண்ட்ஸ் 2005இல் தொடங்கியது. ‘நட்பான ஷெல்’ என்பதே அதன் பெயரின் பொருள். கட்டளையின் பெயரைத் தவறாக எழுதினால் என்டர் அழுத்துமுன்பே சிவப்பு நிறம் காட்டும். முன்பு எழுதிய வரியை மங்கலான எழுத்தில் நினைவூட்டும். எந்த அமைப்பும் செய்யாமலே இவையெல்லாம் கிடைக்கும். ஆனால் இது போசிக்ஸ் வழியை முழுதும் பின்பற்றுவதில்லை.

நாங்கள் செய்த சோதனை

மூன்று குழுவாகப் பிரிந்து, இரண்டு வாரம் ஒரு குழு பாஷிலும் ஒரு குழு இசட் ஷெல்லிலும் ஒரு குழு ஃபிஷிலும் ஒரே பாடங்களைச் செய்தோம்.

முதல் மூன்று நாள் ஃபிஷ் குழுவினர் முன்னால் ஓடினார்கள். நிறமும் நினைவூட்டலும் அவர்களுக்குத் துணை நின்றன. நான்காம் நாள் பாடத்தில் ‘ஃபார்’ என்னும் சுழற்சி வந்தது. நூலில் உள்ளபடி ‘டூ’ என்று தொடங்கி ‘டன்’ என்று முடித்தார்கள். ஃபிஷ் ஏற்கவில்லை. அதற்கு ‘டூ’ வேண்டாம். முடிவில் ‘எண்ட்’ வேண்டும். மாறிக்கு மதிப்பளிப்பதும் வேறு விதம். நூலில் ஒன்றும் திரையில் வேறொன்றுமாய் இருக்கவே, தவறு தங்களுடையதா நூலினுடையதா என்று அறியாமல் திகைத்தார்கள். புதிதாகக் கற்பவளுக்கு இந்தத் திகைப்பைவிடப் பெரிய தடை இல்லை.

இசட் ஷெல் குழுவுக்கு அவ்வளவு இடர்ப்பாடு இல்லை. பெரும்பாலான வரிகள் நூலில் உள்ளபடியே ஓடின. இரண்டு இடங்களில் மட்டும் இடறினார்கள். நட்சத்திரக் குறிக்குப் பொருந்தும் கோப்பு ஒன்றுமே இல்லாவிடில் பாஷ் அக்குறியை அப்படியே நிரலுக்கு அனுப்பிவிடும்; இசட் ஷெல் பிழை என்று சொல்லி நின்றுவிடும். இன்னொன்று, வரிசைப் பட்டியலில் முதல் உறுப்பைப் பாஷ் பூச்சியம் என்று எண்ணும். இசட் ஷெல் ஒன்று என்று எண்ணும்.

பாஷ் குழுவினர் மெதுவாகவே நடந்தார்கள். ஆனால் இரண்டாம் வார முடிவில் உதவியின்றி அதிகப் பாடங்களை முடித்தவர்கள் அவர்களே. அவர்கள் எங்களைவிடக் கெட்டிக்காரர்கள் என்பதால் அன்று. அவர்கள் நூலும், திரையும், பக்கத்து இருக்கைத் தோழியும் ஒரே மொழி பேசியதே காரணம்.

மாறுவதற்கு முன் தெரிய வேண்டியவை

ஷெல்லைத் தேர்வதற்கு அஞ்ச வேண்டியதில்லை. அது ஆயுளுக்கும் கட்டிக்கொள்ளும் கட்டு அன்று. சில செயல்முறைகளைத் தெரிந்துகொண்டால் போதும். கட்டளைகளை ஆங்கிலச் சிற்றெழுத்தில் எழுத வேண்டும்.

1. உங்களுக்கென்று குறிக்கப்பட்ட ஷெல் எதுவென்று அறிய, ‘எக்கோ’ என்று எழுதி, இடைவெளி விட்டு, டாலர் குறியும் அதை ஒட்டி ‘ஷெல்’ என்னும் சொல்லைப் பேரெழுத்திலும் எழுதுங்கள்.

2. இன்னொரு ஷெல்லைச் சுவைத்துப் பார்க்க, அது கணினியில் நிறுவப்பட்டிருந்தால், அதன் பெயரை மட்டும் எழுதி என்டர் அழுத்தினால் போதும். ‘எக்சிட்’ என்று எழுதினால் பழைய ஷெல்லுக்கே திரும்பலாம். எதுவும் மாறியிராது.

3. நிலையாக மாற்ற ‘சி ஹெச் எஸ் ஹெச்’ என்னும் கட்டளை இருக்கிறது. கடவுச்சொல் கேட்கும். அடுத்த முறை உள்நுழையும்போதுதான் மாற்றம் தெரியும். உங்கள் சொந்தக் கணக்குக்கு மட்டும் செய்யுங்கள். நிர்வாகியான ரூட் கணக்கின் ஷெல்லை ஒருநாளும் மாற்ற வேண்டாம்.

4. நீங்கள் அமர்ந்து தட்டச்சு செய்யும் ஷெல் வேறு, நீங்கள் எழுதி வைக்கும் கட்டளைக் கோப்பை ஓட்டும் ஷெல் வேறாக இருக்கலாம். கோப்பின் முதல் வரியில் ஹாஷ் குறியும் வியப்புக் குறியும் இட்டு, எந்த ஷெல் ஓட்ட வேண்டுமென்று எழுதிவிட்டால் அதுவே ஓட்டும். ஆகவே ஃபிஷில் அமர்ந்திருப்பவளும் ‘எஸ் ஹெச்’சுக்கு எழுதிய கோப்பை ஓட்டலாம். ஆனால் பாஷுக்கே உரிய வசதிகளைப் பயன்படுத்திவிட்டு முதல் வரியில் ‘எஸ் ஹெச்’ என்று எழுதினால், டேஷ் புரியாமல் நின்றுவிடும்.

5. எந்த ஷெல்லாயினும் புதுப்பித்து வையுங்கள். 2014இல் பாஷில் ‘ஷெல்ஷாக்’ என்னும் பெரும் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. அது 1989 முதலே அதில் இருந்திருக்கிறது. கண்டதும் அடைத்தார்கள். புதுப்பிக்காதவர்களுக்கு அது அடைபடவில்லை.

சொந்தக் கணினி இல்லாதவர்கள் மனம் தளர வேண்டாம். ஆண்ட்ராய்டு கைபேசியில் டெர்மக்ஸ் என்னும் செயலி பாஷையே தருகிறது. பெற்றோர் அனுமதி பெற்று, அவர்கள் வேலை முடிந்த பின் அரை மணி நேரம் பழகலாம்.

எங்கள் முடிவு

இத்தனையும் சிஸ்டரிடம் சொன்னோம். “அப்படியானால் கோப்பு அழிந்தது பாஷின் குற்றமா?” என்று அவர் கேட்டார். எங்களால் உடனே விடை சொல்ல முடியவில்லை. கோப்பைத் தொலைத்த தோழியே எழுந்து சொன்னாள்: “இல்லை சிஸ்டர். இசட் ஷெல் கேட்டிருக்கும். ஆனா, நாளைக்கு வேலைக்குப் போற இடத்துல அது இருக்குமோ இருக்காதோ. கேட்கிற பழக்கம் எங்கிட்டதான் இருக்கணும்.”

அந்தப் பழக்கம் என்ன? எல்லா ஷெல்லிலும் செல்லுபடியாகும் மிக எளிய பழக்கம் அது. ‘ஆர் எம்’ என்று எழுத வேண்டிய இடத்தில் முதலில் ‘எக்கோ’ என்று எழுதி என்டர் அழுத்துவது. ‘எக்கோ’ எதையும் அழிக்காது. நட்சத்திரம் எந்தெந்தப் பெயர்களாக விரிகிறது என்பதைத் திரையில் காட்டும். பட்டியல் சரியாக இருந்தால் மேல்நோக்கு அம்பு விசையை அழுத்தி அதே வரியை அழைத்து, முதற்சொல்லை மட்டும் மாற்றலாம். அன்று அவள் இதைச் செய்திருந்தால் மாசி முதல் ஆனி வரை எல்லா மாதத்தின் பெயரும் திரையில் வந்து நின்று எச்சரித்திருக்கும். இதனுடன், ஒவ்வொரு கோப்புக்கும் கேட்டு அழிக்கும்படி ‘ஆர் எம்’முக்குப் பின் கழித்தல் குறியும் ‘ஐ’ எழுத்தும் சேர்ப்பது இன்னொரு காப்பு.

ஆகவே தங்கையருக்கு நாங்கள் கூறும் முடிவு இது. பாஷில் தொடங்குங்கள். அது எல்லாவற்றிலும் சிறந்தது என்பதற்காக அன்று. உங்கள் கணினியில் ஏற்கனவே இருக்கிறது. உங்கள் நூலின் மொழி அது. பக்கத்தில் இருப்பவளுக்கும் அது தெரியும். தறி பழகுகிற பிள்ளை வீட்டில் எந்தத் தறி இருக்கிறதோ அதில்தான் முதலில் அமர்கிறாள். கை பழகிய பின் வேறு தறிக்குப் போவது கடினமன்று.

முதல் பருவத்தில் பதினைந்து கட்டளைகள் போதும். எங்கிருக்கிறோம் என்று காட்டும் ‘பி டபிள்யூ டி’, பட்டியலிடும் ‘எல் எஸ்’, இடம் மாற்றும் ‘சி டி’, நகலெடுக்கும் ‘சி பி’, தேடும் ‘கிரெப்’, வரிசைப்படுத்தும் ‘சார்ட்’, எண்ணும் ‘டபிள்யூ சி’, விளக்கம் தரும் ‘மேன்’ ஆகியவற்றோடு தொடங்குங்கள். டேப் விசையை அழுத்தினால் பாதிப் பெயரை ஷெல்லே முடித்துத் தரும். கன்ட்ரோல் விசையுடன் ‘சி’ அழுத்தினால் ஓடும் வேலை நிற்கும். பிறர் எழுதிய வரி புரியாவிட்டால் ஓட்டாதீர்கள்; ‘சூடோ’ என்று தொடங்கும் வரியை ஆசிரியையிடம் காட்டாமல் ஓட்டவே ஓட்டாதீர்கள். இரண்டாம் பருவத்தில் ஃபிஷையும் இசட் ஷெல்லையும் பெயர் எழுதி அழைத்துப் பாருங்கள். பிடித்தால் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கட்டளைக் கோப்புகளை ‘எஸ் ஹெச்’சுக்கே எழுதிப் பழகுங்கள். அது எங்கும் ஓடும்.

முடிவுரை

எங்கள் தோழி இப்பொழுது மூன்று வரியில் ஒரு கட்டளைக் கோப்பு எழுதி வைத்திருக்கிறாள். முதல் வரியில் ‘எஸ் ஹெச்’சின் பெயர். அடுத்த வரி கணக்குக் கோப்புறையை அன்றைய தேதியைப் பெயராகக் கொண்டு பென்டிரைவில் நகலெடுக்கிறது. மூன்றாம் வரி நகலில் உள்ளவற்றைப் பட்டியலிட்டுக் காட்டுகிறது. இரவு உணவுக்கு முன் அதை ஓட்டிவிட்டுத்தான் எழுகிறாள். அம்மாவும் தம் பழக்கத்தை விடவில்லை. சீட்டுகளை இன்னும் கம்பியில் குத்தியே வைக்கிறார். இரண்டும் இருக்கட்டும் என்று நாங்களும் சொல்லிவிட்டோம்.

கார்த்திகையில் அவள் வீட்டார் மண்டிக்குக் கணக்குப் பார்க்கச் சென்றபோது, அவள் அச்சிட்டுக் கொடுத்த இரண்டு தாள்களை அம்மா கையில் எடுத்துச் சென்றார். மண்டிக்காரர் வாங்கிப் படித்துவிட்டு, தம் பேரேட்டைத் திறந்து வரிவரியாக ஒத்துப் பார்த்தாராம். அந்த ஒன்பது நாட்களைத் தவிர மற்றதெல்லாம் பொருந்தின. “இது யார் போட்ட கணக்கு?” என்று அவர் கேட்க, “எம் பொண்ணு” என்றாராம் அம்மா.

தங்கையரே! எந்த ஷெல் என்று கேட்டுக்கொண்டே காலத்தைப் போக்க வேண்டாம். உங்கள் முன் இருப்பதைத் திறந்து, முதல் வரியை இன்றே எழுதுங்கள். நட்சத்திரக் குறி இட்ட பின் ஒரு கணம் நின்று பார்த்து, பிறகு என்டர் அழுத்துங்கள்.

— கணினி மன்ற மாணவியர்,
மேல்நிலை இரண்டாம் ஆண்டு